குடியாத்தத்தில் வானம் பார்த்து வடாம் போடுவது எப்படி

மே 4 வாக்கில் கத்திரி தொடங்கிவிட்டால் வடாமுக்கு அதைவிட நல்ல வெயில் கிடையாது. மழையை மட்டும் கணித்துக்கொள்ள வேண்டும்.

முதல் நாள் இரவே வானிலை மைய அறிவிப்பைப் பாருங்கள். ‘ஓரிரு இடங்களில் மழை’ என்றால் கால்வாசி இடங்களுக்கு மேல் பெய்யாது என்று கணக்கு. நான் தைரியமாகக் கூழ் கிண்டுவேன். ஆரஞ்சு எச்சரிக்கை என்றால் அரிசியே ஊறப்போடாதீர்கள்.

போனில் வரும் 40 டிகிரி நிழலில் அளப்பது. மொட்டை மாடித் தரை அதைவிட எவ்வளவோ கொதிக்கும். காலை ஏழுக்குள் பிழிந்துவிட்டு இறங்கிவிடுங்கள். வயதானவர்களை நடுப்பகலில் காக்கை விரட்ட அனுப்பவே கூடாது.

இங்கே கோடை மழை பெரும்பாலும் மாலையில்தான். பகல் சூட்டில் மேலெழும் காற்று கடலிலிருந்து வரும் ஈரத்தோடு சேர்ந்து பிற்பகலில் மேகம் கட்டும். அதனால் காலை வானம் தெளிவாக இருப்பதை நம்பாதீர்கள். இரண்டு மணிக்கு ஆந்திர மலைப்பக்கம் பாருங்கள். வெள்ளை மேகம் காலிஃப்ளவர் மாதிரி உயரமாக வளர்ந்தால் உடனே சுருட்டுங்கள். திடீரென்று குளிர்ந்த காற்று அடித்தால் மழை பக்கத்தில் வந்துவிட்டது. இடி கேட்டால் மாடிக்கே போகாதீர்கள், வடாம் போனால் போகட்டும். மின்னல் எங்கே விழுகிறது என்று ‘தாமினி’ செயலி காட்டும்.

வைகாசி முதல் தேதி எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. ஊரே தெருவில் நிற்கும், மாடியைப் பார்க்க ஆளிருக்காது. அன்று வேண்டாம்.

அரைகுறையாகக் காய்ந்ததைத் துணியோடு ஃபேனுக்கடியில் விரித்துவைத்து, மறுநாள் வெயிலில் போடுங்கள்.