ஸ்விட்ச் மாறும் கணம்: மின்தேக்கி, மின்தூண்டிக் கணக்குகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஸ்விட்சைப் போட்டதும் மின்தேக்கி வெறும் கம்பி, மின்தூண்டி அறுந்த கம்பி" என்று மனப்பாடம் செய்துவிட்டுக் கணக்கில் இறங்குபவர்கள் நிறைய. மின்தேக்கி என்பது மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டர்; மின்தூண்டி என்பது கம்பிச் சுருளான இண்டக்டர். அந்த வாக்கியம் பொய்யில்லை. ஆனால் இரண்டும் காலியாக இருந்தால்தான் செல்லும். மின்தேக்கியில் முன்பே 5 வோல்ட் ஏறியிருந்தால், ஸ்விட்ச் மாறிய கணத்தில் அது 5 வோல்ட் பேட்டரி மாதிரிதான் நிற்கும். மின்தூண்டியில் 2 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தால், அந்தக் கணத்திலும் அதே 2 ஆம்பியர் ஓடியே தீரும். அதனால் ஸ்விட்ச் மாறுவதற்கு முந்தைய நிலையைக் கணக்கிடாமல் பேனாவைத் தொடாதீர்கள்.

இதைப் படித்தவர்கள் அடுத்து எதிர்ப்பக்கமாகச் சறுக்குவார்கள்: எதுவுமே தாவாது என்று நினைத்துவிடுவார்கள். தாவாதவை இரண்டே இரண்டு: மின்தேக்கியின் மின்னழுத்தம், மின்தூண்டியின் மின்னோட்டம். மற்றதெல்லாம் தாவலாம். 10 வோல்ட் பேட்டரி, 1 கிலோஓம் மின்தடை, காலியான 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி மூன்றும் தொடராக இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஸ்விட்சைப் போட்டதும் மின்னோட்டம் சுழியத்திலிருந்து ஒரே எட்டில் 10 மில்லிஆம்பியருக்குப் போய்விடும்.

இதே சுற்றின் கால மாறிலி, அதாவது மாற்றத்தின் வேகத்தைச் சொல்லும் காலம் (மின்தடை × மின்தேக்குத்திறன்), 0.1 நொடி. அதற்குள் சுமார் 6.3 வோல்ட் ஏறும். அரை நொடியில் 99 சதவீதத்தைத் தாண்டிவிடும். அப்புறம் பேட்டரியைக் கழற்றிவிட்டு, 10 கிலோஓம் மின்தடை மட்டும் வழியாக மின்னிறக்கம் செய்யச் சொன்னால், பலர் பழைய 0.1 நொடியையே எழுதுகிறார்கள். விடை 1 நொடி. ஸ்விட்ச் மாறிய பிறகு, மின்தேக்கியின் முனைகளிலிருந்து பார்த்தால் தெரியும் மின்தடைதான் கணக்கு. மின்தூண்டியின் கால மாறிலியிலோ மின்தடை வகுக்கும் இடத்தில் வருகிறது (மின்தூண்டல் ÷ மின்தடை). மின்தடை கூடினால் வேகமும் கூடும்.

சரி, இப்போது பலரும் சரியான விடையையே தவறென்று நினைத்து அடித்துவிடும் இடம். 12 வோல்ட் பேட்டரி, 6 ஓம் மின்தடையும் 0.5 ஹென்றியும் உள்ள சுருள், அதற்கு இணையாக 94 ஓம். நெடுநேரம் ஓடியபின் சுருளில் 2 ஆம்பியர், 94 ஓமில் வெறும் 0.13 ஆம்பியர். ஸ்விட்சை அணைத்தால்? சுருளின் 2 ஆம்பியருக்கு 94 ஓமை விட்டால் வேறு வழியில்லை. அதன் குறுக்கே 188 வோல்ட், அதுவும் தலைகீழாக! "12 வோல்ட் பேட்டரியில் 188 எப்படி வரும்?" என்று சந்தேகப்பட்டு அழிக்காதீர்கள். அது பேட்டரி தருவதல்ல, சுருளின் காந்தப்புலத்தில் சேர்ந்திருந்த ஆற்றல். கால மாறிலி 0.5 ÷ (6 + 94), அதாவது 5 மில்லிநொடி என்பதால் சீக்கிரமே அடங்கிவிடும்.

அந்த 94 ஓமும் இல்லையென்றால் மின்னோட்டம் ஸ்விட்சின் இடைவெளியிலேயே பொறியாகப் பாயும். ரிலே (மின்காந்தத்தால் இயங்கும் ஸ்விட்ச்) சுருளுக்கு இணையாக டையோடு (ஒரு திசையில் மட்டும் மின்னோட்டத்தை விடும் பாகம்) போடுவது இதைத் தவிர்க்கத்தான். மின்னழுத்தம் 0.7 வோல்ட் அளவிலேயே நின்றுவிடும். ஆனால் மின்னோட்டம் மெதுவாகத் தணிவதால் ரிலே விடுபடக் கொஞ்சம் தாமதமாகும். டையோடின் கோடு போட்ட முனை பேட்டரியின் பிளஸ் பக்கம் இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால், ஸ்விட்சைப் போட்டதுமே பேட்டரி அதன் வழியாகக் குறுக்குச்சுற்றாகி டையோடு கருகிவிடும்.