நாய்க்குட்டிக்கு விலை பேசும்போது நாம் கோட்டை விடும் இடங்கள்

எங்கள் தாத்தா ஒரு ஜோடி உழவு மாடு பிடிக்க மூன்று சந்தை ஏறி இறங்குவார். பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நாலு எட்டு நடக்கவிட்டுக் குளம்பைப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் தரகரோடு துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடிப்பார். அவருடைய பேரனாகிய நான் மன்னார்குடியில் உட்கார்ந்தபடியே, வாட்ஸ்அப்பில் வந்த ஒரே ஒரு படத்தைப் பார்த்து 14,000 ரூபாய்க்கு லேப்ரடார் குட்டி வாங்கினேன். முன்பணத்தை ஜிபேயில் போட்டுவிட்டு, திருச்சி பேருந்து நிலையத்தில் ஓர் அட்டைப்பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தோம். ஐந்தாம் நாள் வாந்தி. ஆறாம் நாள் ரத்தமாகப் பேதி. எட்டாம் நாள் கொல்லையில் கொய்யா மரத்தடியில் குழி தோண்டினேன். பார்வோ, குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய்.

விற்றவரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னபோது, "கவலைப்படாதீங்க சார், வேற குட்டி தர்றேன்" என்றார் பெருந்தன்மையாக. வாங்கியும் இருப்பேன். கால்நடை மருத்துவர்தான் தடுத்தார். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் வீரியம் குறையாமல் கிடக்கும், ஊசி முழுதாகப் போட்டு முடிக்காத இன்னொரு குட்டியை அதே கொல்லையில் விட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும் என்றார். தொற்றிய மூன்று முதல் ஏழு நாளுக்குள் பெரும்பாலும் அறிகுறி தெரிந்துவிடுமாம். அப்படியானால் எங்கள் குட்டி அதை விற்ற இடத்திலோ வந்த வழியிலோ வாங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். வாங்குவதற்கு முன் நான் கேட்டது ஒரே கேள்வி: "கடைசியா என்ன விலைக்குக் கொடுப்பீங்க?"

அந்த 14,000 எதற்கெல்லாம் போனது என்று பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். ஆண் நாயோடு சேர்த்ததற்கு அதன் சொந்தக்காரருக்குப் பணமோ, ஒரு குட்டியோ கொடுக்க வேண்டும். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். சினையிலும், பால் கொடுக்கும்போதும் தாய்க்குக் கூடுதல் தீனி. ஸ்கேன், குட்டிகளுக்குப் பூச்சி மருந்து, முதல் ஊசி. லேப்ரடார் ஓர் ஈத்துக்கு ஆறு, ஏழு, எட்டு என்று போடும், செலவு பங்காகிவிடும். பிரெஞ்சு புல்டாக் அப்படியல்ல. குட்டிக்குத் தலை பெரிது, தாய்க்கு இடுப்பு குறுகல், பெரும்பாலும் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். குட்டிகளும் நாலைந்துதான். அதன் விலை எகிறுவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

மீதிப் பாதி மவுசு. 2003-இல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு பக் நாய் சிறுவன் பின்னாலேயே போனது நினைவிருக்கும். அதற்கப்புறம் பக் குட்டிக்கு ஏற்பட்ட கிராக்கியும் தெரியும். நாய் அதேதான், அதன் மூச்சுத்திணறலும் அதேதான், விலை மட்டும் மாறியது. கூட்டம் ஓடும் திசையில் நாமும் ஓடினால், கொடுக்கும் காசில் ஒரு பங்கு அந்தக் கூட்டத்துக்கான கட்டணம்.

டெல்டாவில் இன்னொரு கூடுதல் உண்டு. நம் பக்கம் விற்பனைக்கு வரும் சாதி நாய்க்குட்டிகளில் பலவும் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ இரண்டு மூன்று கை மாறித்தான் கும்பகோணத்துக்கும் திருவாரூருக்கும் வருகின்றன. ஒவ்வொரு கைக்கும் ஒரு லாபம். நமக்கு அது ஆயிரம் இரண்டாயிரம் கூடுதல். குட்டிக்கோ ஒவ்வொரு கையும் ஒரு புதுக் கூண்டு, ஒரு புது ஊர், முன்பின் தெரியாத பத்து நாய்களின் மூச்சு.

எல்லாத் தவறுகளுக்கும் தலையாயது தாயைப் பார்க்காமல் வாங்குவது. தாயைப் பார்த்துப் பெண்ணைக் கொள், பாலைப் பார்த்துப் பசுவைக் கொள் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த ஊர் இது. நாய் விஷயத்தில் மட்டும் அதை மறந்துவிடுகிறோம். குட்டி பிறந்த இடத்துக்கே போய் நில்லுங்கள். தாய் எலும்பும் தோலுமாகக் கிடக்கிறதா, மடி வற்றிப் போயிருக்கிறதா, ஆளைப் பார்த்ததும் மூலையில் ஒடுங்குகிறதா, பாய்கிறதா? குட்டி வைத்திருக்கும் தாய் கொஞ்சம் உறுமுவது இயல்பு, அதைக் குற்றமாக எடுக்க வேண்டாம். ஆனால் உரிமையாளர் கூப்பிட்டும் அடங்காமல் நடுங்கினாலோ கடிக்க வந்தாலோ யோசியுங்கள். பயந்த சுபாவம் குட்டிக்கும் வரும், ரத்தத்திலும் வரும், பார்த்துப் பழகியும் வரும். "தாய் வேற ஊர்ல இருக்கு சார்" என்று சொன்னால், அது குட்டி பிறந்த இடமல்ல என்று அவரே ஒப்புக்கொண்டதாக அர்த்தம். தூரம் அதிகம் என்றால் வீடியோ காலில் தாயும் குட்டிகளும் ஒன்றாக இருப்பதைக் காட்டச் சொல்லுங்கள். படம் மட்டும் அனுப்பி, முன்பணம் போட்டால்தான் வண்டியில் ஏற்றுவேன் என்று அவசரப்படுத்துகிறவரிடம் குட்டியே இல்லாமலும் இருக்கலாம்.

லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் என்றால் தாய் தகப்பன் இரண்டின் இடுப்பு எக்ஸ்ரேயையும் கேட்பது நியாயமான கேள்வி. இந்த இனங்களில் இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத கோளாறு பரம்பரையாக வருவது அதிகம், குட்டியின் நடையைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. நம் பக்கம் இதைக் கேட்டால் விற்பவர் உங்களை வேற்றுக்கிரகத்து ஆள் மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும். எக்ஸ்ரே எடுத்து வைத்திருக்கிறவர் இரண்டாயிரம் கூடுதலாகக் கேட்டால் நான் கொடுப்பேன். வழவழவென்ற டைல்ஸ் தரையில் வழுக்கி வழுக்கி வளரும் குட்டிக்கு அந்தக் கோளாறு இன்னும் சீக்கிரம் முற்றும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புது வீடு கட்டியவர்கள் கவனிக்க.

அடுத்தது வயது. "நாற்பத்தஞ்சு நாள் குட்டி" என்பது நம் ஊர் நாய் வியாபாரத்தில் மந்திரம் மாதிரி ஓடும் சொல். 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. அதாவது 56 நாள். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஐந்திலிருந்து எட்டு வாரத்துக்குள்தான் குட்டி கூடப்பிறந்தவற்றோடு உருண்டு புரண்டு, எவ்வளவு கடித்தால் மற்றது கத்தும் என்று கற்றுக்கொள்கிறது. அந்தப் பாடம் படிக்காமல் வந்த குட்டி உங்கள் பிள்ளையின் கையில் அதைப் படிக்கும். குட்டி சின்னதாக இருந்தால்தான் நம்மோடு ஒட்டும் என்பது நம் வீட்டுப் பெரியவர்களே நம்பும் கதை. விற்பவருக்கும் அது வசதி, பதினோரு நாள் தீனியும் ஒரு ஊசியும் மிச்சம்.

இங்கே தாத்தாவின் வித்தை உதவும். வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள். பால் பற்கள் மூன்று நான்கு வாரத்தில் முளைக்கத் தொடங்கி, எட்டு வாரம் ஆகும்போது 28 பல்லும் இருக்கும். இரண்டு மாதம் என்கிறார், கடைவாயில் விரலை வைத்தால் வெறும் ஈறுதான் தட்டுப்படுகிறது என்றால், கணக்கு உதைக்கிறது. ஈறு வெளிறியிருந்தால் ரத்தசோகை, அதன் பின்னால் குடற்புழுவோ உண்ணியோ இருக்கும். உடம்பு ஒல்லி, வயிறு மட்டும் பானை என்றால் கொழுகொழுவென்று இருப்பதாக மகிழ வேண்டாம், அதுவும் புழுதான். தொப்புளில் கோலிக்குண்டு மாதிரி ஏதாவது தட்டுகிறதா என்றும் தடவிப் பாருங்கள், அது குடலிறக்கமாக இருக்கலாம்.

"ஊசியெல்லாம் போட்டாச்சு" என்ற வார்த்தைக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஊசிப் புத்தகத்துக்குக் கொடுங்கள். அதில் மருந்து பாட்டிலிலிருந்து உரித்த ஸ்டிக்கர், தேதி, மருத்துவரின் கையெழுத்து, முத்திரை இருக்க வேண்டும். பேனாவில் மட்டும் எழுதியிருந்தால் நம்ப வேண்டாம். பல இடங்களில் பூச்சி மருந்து ஊற்றியதைத்தான் ஊசி என்று கணக்குச் சொல்கிறார்கள். உண்மையிலேயே முதல் ஊசி போட்டிருந்தாலும் அது மட்டும் போதாது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி உடம்பில் இருக்கும்வரை தடுப்பூசி சரியாக வேலை செய்யாது என்பதால், ஆறு எட்டு வாரத்தில் தொடங்கி மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, நான்கு மாதம் ஆகும்வரை போட வேண்டும். மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி.

நமக்குத் தனியாக ஒன்று இருக்கிறது: எலிக்காய்ச்சல். வயலும் வாய்க்காலும் எலியும் உள்ள ஊரில், ஐப்பசி கார்த்திகை மழையில் தேங்கிய தண்ணீரை நாய் நக்கினாலே போதும். சிறுநீரகமும் ஈரலும் சேர்ந்து அடிபடும், வீட்டு மனிதருக்கும் தொற்றும். எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துப் போடும் கூட்டுத் தடுப்பூசிதானா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குட்டி வீட்டுக்கு வந்த ஓரிரு நாளில் ஒருமுறை முழுதாகக் காட்டிவிடுவது நல்லது. தஞ்சை, மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டும் தூரம்தான்.

"பேப்பர்" பற்றிச் சுருக்கமாக. கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் பதிவுச் சான்றிதழ், இந்தக் குட்டியின் பெற்றோர் யார், அவர்களின் முன்னோர் யார் என்று சொல்லும் காகிதம். குட்டி ஆரோக்கியமாக இருக்கிறது என்றோ குணம் நன்றாக இருக்கிறது என்றோ அது சொல்லவில்லை. கண்காட்சிக்குக் கொண்டுபோகும் எண்ணம் இல்லையென்றால் அதற்காக விலையைப் பெரிதாக ஏற்ற விடாதீர்கள். அதற்குத்தான் காசு கொடுக்கிறீர்கள் என்றால், குட்டியின் தோலுக்கடியில் உள்ள மைக்ரோசிப் எண்ணும் காகிதத்தில் உள்ள எண்ணும் ஒன்றா என்று கருவியை வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். "பேப்பர் கொரியர்ல வரும்" என்பது பெரும்பாலும் வராது.

அப்புறம் அலங்காரச் சொற்கள். பன்ச் ஃபேஸ் (சப்பை மூஞ்சி), ஹெவி போன் (பருத்த எலும்பு), டீகப் (மிகச் சின்னது), இம்போர்ட் லைன் (வெளிநாட்டு வம்சம்), ரேர் கலர் (அபூர்வ நிறம்). ஒவ்வொரு சொல்லுக்கும் சில ஆயிரம். லேப்ரடாரில் ஏற்றுக்கொள்ளப்பட்ட நிறங்கள் மூன்றே மூன்று: கறுப்பு, மஞ்சள், சாக்லேட். வெள்ளி நிற லேப் என்று ஒருவர் இரட்டை விலை சொன்னால், மற்றவர் வேண்டாம் என்று ஒதுக்குவதை உங்களுக்குச் சிறப்பென்று விற்கிறார். நம் தெருக்களில் பாமரேனியன் என்ற பெயரில் குரைப்பவை அநேகமாக இந்தியன் ஸ்பிட்ஸ். நம் வெயிலுக்கு அதுவே பொருத்தம் என்பேன், ஆனால் பாமரேனியன் விலையை அதற்குக் கொடுக்க வேண்டியதில்லை. வெள்ளையாகப் பிறந்த நாட்டுக்குட்டியை ராஜபாளையம் என்று தள்ளிவிடுவதும் நடக்கிறது. அசல் ராஜபாளையத்திலேயே காது கேட்காத குட்டிகள் பிறப்பதுண்டு. பின்னால் நின்று கையைத் தட்டிப் பாருங்கள். ஒரு தட்டு, செலவில்லாத சோதனை.

வெயில் என்றதும் ஹஸ்கி நினைவுக்கு வருகிறது. என் நண்பர் ஒருவர் திருவாரூரில் ஏசி அறையில் ஒன்றை வளர்த்தார். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து எங்கள் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் போனபோது, தென்னை விழுந்ததைவிட அந்த நாய் மூச்சு வாங்கியதைப் பார்த்துத்தான் அவர் அதிகம் கலங்கினார். கடைசியில் ஊட்டியில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பினார். கொடுத்த விலை, அதன் பெயரில் ஓடிய கரண்ட் பில், வண்டி வாடகை என்று அவர் போட்ட கணக்கை இங்கே எழுதினால் அவர் வீட்டில் சண்டை வரும். தமிழ்நாடு அரசு 2024-இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் போன்ற குளிர்தேசத்து நாய்களை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாதவை என்று பட்டியலிட்டதும் இந்தக் காரணத்தால்தான்.

"பெட்டைக்குட்டியா வாங்குவோம், ரெண்டு ஈத்து போட்டா போட்ட காசு வந்துடும்" என்று கணக்குப் போடுகிறவர்களும் உண்டு. கறவை மாட்டுக் கணக்கு நாய்க்கு ஒத்துவராது. அதே 2017 விதிகளின்படி, நாய் வளர்த்து விற்பவர் பதிவு செய்திருக்க வேண்டும், பதினெட்டு மாதம் ஆகாத பெட்டையைச் சினைப்படுத்தக் கூடாது, அடுத்தடுத்த பருவங்களில் தொடர்ந்து சினைப்படுத்தவும் கூடாது. குட்டி பிறக்கும் இரவில் ஒன்று சிக்கிக்கொண்டால் அறுவைக்கு ஓட வேண்டும். எட்டுக் குட்டியும் விற்கும்வரை எட்டு வயிறு. என் பெரியப்பா மகன் இதைச் செய்து பார்த்தான். ஆறு குட்டியில் இரண்டை விற்றான், நாலைச் சொந்தக்காரர்களுக்குச் சும்மா கொடுத்தான். ஒரு கல்யாண வீட்டில்கூட அவனை யாரும் நிம்மதியாகச் சாப்பிட விடவில்லை, "உன் நாய் என் செருப்பைக் கடிச்சிருச்சு" என்று.

இரக்கப்பட்டு வாங்குவதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் நான் இன்னும் தடுமாறுகிறேன். கூண்டில் சுருண்டு கிடக்கும் நோஞ்சான் குட்டியை, விட்டால் செத்துவிடுமே என்று காசு கொடுத்துத் தூக்கிவந்தால், அந்தக் கூண்டில் நாளைக்கு இன்னொரு நோஞ்சான் குட்டி வரும். விற்றவருக்கு அது விற்பனைதான். காப்பாற்றத்தான் வேண்டும் என்றால் காசு கொடுக்காமல் கிடைக்கும் குட்டிகள் ஊரெல்லாம் இருக்கின்றன.

எங்கள் வீட்டில் இப்போது இருப்பது அப்படி வந்ததுதான். பார்வோ கண்ட கொல்லையைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, ஒரு வருடம் சும்மா விட்டோம். அப்புறம் ரேஷன் கடைக்குப் பின்னால் ஒரு செவலை நாட்டுநாய் போட்ட ஐந்தில் ஒன்றை என் மகள் தேர்ந்தெடுத்தாள். தாயை ஒரு மாதமாகத் தினமும் பார்த்தோம், பிஸ்கட் போட்டோம், வாலாட்டுமா உறுமுமா என்று தெரிந்துகொண்டோம். எட்டு வாரம் முடியட்டும் என்று நாள்காட்டியில் வட்டம் போட்டுக் காத்திருந்தோம். விலை எதுவும் இல்லை. ஊசி, பூச்சி மருந்து, உண்ணிக்குச் சொட்டு மருந்து, கருத்தடை அறுவை என்று முதல் வருடம் ஆன செலவை எழுதி வைத்திருக்கிறேன்: 9,300 ரூபாய். தாத்தா இருந்திருந்தால் முதலில் அதன் வாயைத்தான் திறந்து பார்த்திருப்பார். மகளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தேன், இருபத்தெட்டையும் எண்ணிவிட்டுத்தான் தூக்கிவந்தாள்.