ஒன்பது நாள் டைரியும் ஒரு வருடப் பால் கணக்கும்

டிசம்பர் கடைசியில் எப்படியும் ஒரு ஓசி டைரி வீட்டுக்கு வந்துவிடும். சில வருடங்களுக்கு முன் அப்படி வந்த ஒன்று, பரணை ஒழிக்கும்போது கையில் கிடைத்தது. முதல் பக்கத்தில் என் கையெழுத்தில் ஐந்து தீர்மானங்கள்: காலை 4:30-க்கு எழுந்திருப்பது, தினமும் ஒரு மணி நேரம் நடை, கோபத்தைக் குறைப்பது, மாதம் இரண்டு புத்தகம், போனைக் குறைப்பது. ஜனவரி 1 முதல் 9 வரை நீல மையில் டிக் அடித்திருக்கிறேன். 10-ஆம் தேதியிலிருந்து அம்மாவின் கையெழுத்து. ‘1 லி’, ‘½ லி’, ‘1 லி, தயிர் 1’. சும்மா கிடந்த டைரியைப் பால் கணக்குக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார். அந்தக் கணக்கு டிசம்பர் 31 வரை ஒரு நாள் விடாமல் இருக்கிறது.

அம்மாவுக்கு மன உறுதி அதிகம் என்று சொல்லிவிடலாம். ஆனால் ‘இனி சீரியல் பார்க்க மாட்டேன்’ என்று ஏழெட்டு முறை சபதம் போட்டவர் அவர். காரணம் வேறு. பால் பாக்கெட் தினமும் காலையில் வந்தே தீரும். அதை வைக்கப் போகும் ஃபிரிட்ஜின் மேலேயே டைரி, கைப்பிடியில் நூல் கட்டித் தொங்கவிட்ட பேனா. எழுத ஐந்து விநாடி. அதே டைரி என்னிடம் இருந்தவரை பீரோவுக்குள் இருந்தது.

பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களிலிருந்து ஆராய்ந்துவருவது இதைத்தான். ‘இன்னது நடந்ததும் இன்னதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பவர்கள், வெறுமனே ‘செய்வேன்’ என்பவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள். ‘தினமும் நடப்பேன்’ என்பதில் முடிச்சு இல்லை. ‘பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு, வீட்டுக்குத் திரும்பாமல் அப்படியே டேங்க் வரை நடப்பேன்’ என்பதில் இருக்கிறது.

சுயத் தலைமை என்ற சொல் இப்போது அதிகம் அடிபடுகிறது. பலர் அதை, தன்னைத் தானே அதட்டிக்கொள்வது என்று புரிந்துவைத்திருக்கிறார்கள். கட்டட வேலை நடக்கும் இடத்தில் நல்ல மேஸ்திரியைப் பாருங்கள். ‘வீட்டை நல்லா கட்டுங்கப்பா’ என்று சொல்லிவிட்டு அவர் போவதில்லை. ‘இன்னைக்கு ஜன்னல் மட்டம் வரைக்கும்’ என்பார். ஆள் வருவதற்குள் மணலும் சிமென்ட்டும் தண்ணீரும் இருக்கிறதா என்று பார்த்துவிடுவார். மணல் லாரி வராத நாளில் கொத்தனாரைத் திட்ட மாட்டார். டிசம்பர் 31 இரவில் நாம் நமக்குத் தருவதெல்லாம் ‘நல்லா கட்டு’ என்ற உத்தரவுதான். மணலுக்குச் சொல்லிவைப்பதே இல்லை.

அந்த இரவில் எழுதுகிற ஆளும், அதைச் செய்யப் போகிற ஆளும் வேறு வேறு என்பதை மறப்பதுதான் என் கணக்கில் பெரிய தவறு. எழுதுகிறவர் அரையாண்டு விடுமுறையில் நன்றாகத் தூங்கி எழுந்தவர். செய்ய வேண்டியவர் ஜனவரி 20 அன்று பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, ராத்திரி ஒன்பது மணிக்குச் செருப்பைக் கழற்றுகிறவர். 4:30-க்கு எழ வேண்டுமென்றால் 9:30-க்காவது படுக்க வேண்டும். எங்கள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டு வைப்பதே 9:45-க்கு. அந்த ஐந்தில் முதலாவது, எழுதும்போதே தோற்றுவிட்டது.

அடுத்த தவறு, ‘கூடாது’ பட்டியல். கோபப்படக் கூடாது, இனிப்பு கூடாது, போன் கூடாது. ஸ்வீடனில் 1,066 பேரை ஒரு வருடம் பின்தொடர்ந்த ஆய்வு 2020-இல் வெளியானது. ஒன்றைப் புதிதாகச் செய்வதாகத் தீர்மானித்தவர்களில் 58.9 சதவீதம் பேரும், ஒன்றைத் தவிர்ப்பதாகத் தீர்மானித்தவர்களில் 47.1 சதவீதம் பேரும் வெற்றி பெற்றதாகச் சொன்னார்கள். அவரவர் வாயால் சொன்னதுதான், எடைபோட்டுப் பார்த்ததல்ல. இருந்தாலும் என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. ‘கோபப்பட மாட்டேன்’ என்பவரிடம் கோபம் வரும் நேரத்தில் செய்ய ஒன்றும் இருக்காது. ‘மார்க் ஷீட்டைப் பையன் நீட்டினால், வாங்கிக்கொண்டு முதலில் உட்காருவேன், அப்புறம்தான் படிப்பேன்’ என்று வைத்துக்கொண்டவரிடம் ஒரு வேலை இருக்கிறது. நின்றுகொண்டு கத்துவது சுலபம், உட்கார்ந்துகொண்டு கத்துவது கொஞ்சம் கஷ்டம். முயன்று பாருங்கள்.

நம்மூரில் தீர்மானங்களுக்கு ஒரு தனிக் கண்டம் உண்டு: பொங்கல். ஜனவரி 1-இல் தொடங்கியது இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. போகி, பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் என்று நான்கு நாள், போக வர பஸ் பிடிக்கும் இரண்டு நாள். ஊரில் நடை ஏது, புத்தகம் ஏது? திரும்பி வந்ததும் ‘விட்டுப்போச்சு, இனி அடுத்த வருஷம்தான்’ என்று கைகழுவிவிடுகிறோம்.

விட்டுப்போவது அவ்வளவு பெரிய விஷயமே இல்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள்; 2010-இல் அச்சான ஆய்வு அது. புதிய பழக்கம் தானாக நடக்கிற நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் என்று கணக்கிட்டார்கள். ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து, 12 வாரத்தைத் தாண்டியும் கணக்குப் போட்டுப் பார்த்ததில், 254 நாள் வரை மாறியது. நடுவில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. பலரும் நம்பும் ‘21 நாள்’ கணக்கோ, மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் எழுதியதிலிருந்து கிளம்பியது. சிகிச்சைக்குப் பின் நோயாளிகளுக்குத் தங்கள் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்றார் அவர். முகம் பழகிய கதையை மூச்சுப் பயிற்சிக்கும் ஓட்டத்துக்கும் ஒட்டவைத்து, அந்தக் ‘குறைந்தது’ என்ற சொல்லையும் விட்டுவிட்டார்கள்.

ஆகவே பொங்கலை முன்கூட்டியே திட்டத்தில் எழுதிவிடுங்கள்: ‘14 முதல் 17 வரை லீவு, 18 காலை மறுபடி’. இல்லையென்றால் தை முதல் நாளிலேயே தொடங்குங்கள், அல்லது பிறந்தநாளில். வாரத் தொடக்கம், மாதத் தொடக்கம், பிறந்தநாளுக்கு அடுத்த நாட்கள் ஆகியவற்றிலும் மனிதருக்குப் புது வேகம் வருகிறது என்று ஹெங்சென் டாய், கேட்டி மில்க்மன், ஜேசன் ரீஸ் மூவரும் 2014-இல் காட்டினார்கள். ஜனவரி 1-க்கென்று தனி மகிமை கிடையாது.

யாருடைய ஆசை என்றும் ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும். கல்யாண வீட்டில் அத்தை ‘என்னடா, கொஞ்சம் பூசின மாதிரி இருக்கே’ என்றதால் போட்ட டயட், அத்தை ஊருக்குப் போனதும் முடிந்துவிடும். மூட்டு வலி இல்லாமல் மாடியேற வேண்டும் என்பது உங்களுடையது. ஸ்டேட்டஸில் போட்டு அறிவிப்பதைப் பற்றி என் அபிப்பிராயம்: நாற்பது லைக் வந்ததுமே பாதி செய்துவிட்ட திருப்தி வந்துவிடுகிறது. ‘என்னாச்சு?’ என்று சனிக்கிழமை போன் போட்டுக் கேட்கிற ஒரு நண்பனிடம் சொன்னால் போதும்.

கடைசித் தவறு, சாயங்காலம் மேஸ்திரி நூல் பிடித்துப் பார்ப்பதுபோல் வாரம் ஒருமுறை பார்க்காமல் விடுவது. ஞாயிறு காப்பியோடு பத்து நிமிடம். எத்தனை நாள் நடந்தது என்பதைவிட, நடக்காத நாளில் என்ன குறுக்கே வந்தது என்று பார்ப்பதுதான் வேலை. எனக்கு மூன்று வாரம் தொடர்ந்து வியாழக்கிழமை நடை தவறியது. பார்த்தால், அன்றுதான் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வருகிறது. வியாழன் நடையைச் சாயங்காலத்துக்கு மாற்றி, இப்போது ஃபிரிட்ஜ் மேலிருக்கும் புது டைரியில், பால் கணக்குக்குக் கீழேயே எழுதிவைத்தேன்.