கறுப்பு முகத்தை வெளுக்க வைக்காதீர்கள்: போர்ட்ரெய்ட் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிறு சாயங்காலம் வேலூர் கோட்டைப் பக்கம் போனால், புதுக் கேமராவோடு நண்பனையோ தங்கையையோ நிறுத்திப் படம் எடுக்கும் பிள்ளைகளைப் பார்க்காமல் திரும்ப முடியாது. ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் நாங்கள் தொழில் பழகிய காலத்தில் செய்த அதே தவறுகளை இவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள். லென்ஸைத் துடைப்பது, கண்ணில் ஃபோகஸ் வைப்பது போன்றவற்றை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இடத்தைப் பிடித்துவிட்டு வெளிச்சத்தைத் தேடுவது

கோட்டைச் சுவர் பின்னால் வர வேண்டும் என்று ஆளை நிறுத்திவிடுகிறார்கள். முகத்தில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று அப்புறம்தான் பார்க்கிறார்கள். அதை முதலில் பாருங்கள். கையை முஷ்டியாக மடக்கி நேரே நீட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே மெல்ல ஒரு சுற்றுச் சுற்றுங்கள். விரல் முட்டிகளில் நிழல் எப்போது மென்மையாக விழுகிறதோ, அப்போது கை இருக்கும் இடத்தில் ஆளை உங்களைப் பார்க்க நிறுத்துங்கள்.

கோட்டை வாசல் கிழக்கே இருக்கிறது. அதனால் வெயில் சாய்ந்ததும் அந்தப் பக்கம் சுவரோரம் நிழல், எதிரே திறந்த வானம். முகத்துக்கு அதைவிட நல்ல விளக்கு கிடையாது. உச்சி வெயில் மட்டும் வேண்டாம். நம் ஊரில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சந்தலைக்கு வந்துவிடும். கண் இருக்கும் இடத்தில் இரண்டு குழிதான் தெரியும்.

கறுப்பு முகத்தை வெளுக்க வைப்பது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

போன ஆவணியில் குடியாத்தம் பக்கம் ஒரு அறுபதாம் கல்யாணம். படம் எடுத்த பையன் ஆல்பம் அச்சுக்குப் போகும் முன் என்னிடம் கொண்டுவந்து காட்டினான். அந்த அம்மா நல்ல கறுப்பு. கல் வைத்த மூக்குத்தி, நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. படத்தில் நெற்றி சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. மூக்குத்திக் கல் எது, மூக்கின் பளபளப்பு எது என்று பிரிக்க முடியவில்லை. மகள் பார்த்துவிட்டு, "இது எங்க அம்மா மாதிரியே இல்லையே தம்பி" என்று சொல்லிவிட்டாராம்.

ஃப்ளாஷை நேரே அடித்திருக்கிறான். எக்ஸ்போஷரை, அதாவது கேமரா உள்ளே வாங்கும் வெளிச்சத்தின் அளவை, ஏற்றியிருக்கிறான். போதாது என்று எடிட்டிங்கில் பிரைட்னஸையும் ஏற்றிவிட்டான். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலும் இல்லை, ஜேபெக் படம் மட்டும்தான். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரைதான் படிகள். நெற்றி 255-இல் முட்டிவிட்டால் அங்கே விவரம் எதுவும் பதிவாவதில்லை. எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. அறுபதாம் கல்யாணத்தை மறுபடி நடத்தவா முடியும்?

கேமராவுக்கும் இதில் பங்குண்டு. வெளிச்சத்தை அளக்கும் அதன் மீட்டர், எதிரே இருப்பது எதுவானாலும் 18 சதவீத ஒளியைத் திருப்பித் தரும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே கணக்குப் போடும். கறுப்பு முகம் ஃப்ரேமை நிறைத்தால் வெளிச்சம் போதவில்லை என்று தானாகவே ஏற்றிவிடும். ஃபிலிம் காலத்திலும் இந்தச் சாய்வு இருந்தது. நிறத்தைச் சரிபார்க்க கோடாக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி கார்டு' மாதிரிப் படங்களில் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்களே இருந்தார்கள்.

அதனால் கறுப்பு முகம் ஃப்ரேமை நிறைக்கும்போது எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா போட்ட வெளிச்சக் கணக்கை நாம் கூட்டிக் குறைக்கும் வசதி) மைனஸ் 0.3 அல்லது 0.7-இல் வைத்து ஒரு படம் எடுத்து, ஹிஸ்டோகிராம் (இருட்டு இடமும் வெளிச்சம் வலமுமாகக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டுகிறதா என்று பாருங்கள். பின்னால் வெளிறிய வானம் இருந்தால் கதை தலைகீழ். அங்கே பிளஸ் பக்கம் போக வேண்டும்.

கறுப்புத் தோலுக்கு வடிவம் தருவது அதன்மேல் ஓடும் மினுமினுப்பு. கன்ன எலும்பு, மூக்குத்தண்டு, தாடை எல்லாம் அதில்தான் எடுப்பாகத் தெரியும். நேர் ஃப்ளாஷில் அது ஒரே புள்ளியாக எரிந்துபோகும். வாசல் கதவைத் திறந்து, வெள்ளை வேட்டி ஒன்றைத் தொங்கவிட்டு, ஆளை அதற்குச் சற்றுச் சாய்வாக உட்கார வையுங்கள். மினுமினுப்பு பரவி முகம் எழுந்து வரும். மறுபக்கம் ரொம்ப இருட்டானால் ஒரு தெர்மாகோல் அட்டை போதும். பவுடர் வேண்டாம். வேலூர் வெயிலில் வேர்வையோடு கலந்து திட்டுத் திட்டாகச் சாம்பல் பூக்கும். உலர்ந்த துண்டால் ஒற்றி எடுங்கள்.

"கஸ்டமரே சிவப்பாக்கித் தரச் சொல்றாங்களே அண்ணா" என்பார்கள். சரி, கேட்கட்டும். கண்ணில் வாசல் வெளிச்சம் மின்னுகிற, நிறம் மாறாத ஒரு படத்தை பிரிண்ட் போட்டு, வெளுத்த படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். எனக்குத் தெரிந்து பெரும்பாலோர் கை நிறம் மாறாத படத்துக்குத்தான் போகிறது.

ஒரே முகத்தில் ஜன்னலும் ட்யூப் லைட்டும்

ஒன்றை அணையுங்கள். ட்யூப் லைட்டைத்தான்.

"சிரிங்க" என்று சொல்வது

சொன்னதும் பெரியவர்கள் விறைத்து நிற்பார்கள், கை இரண்டும் தொடையோடு ஒட்டிக்கொள்ளும். கைக்கு ஒரு வேலை கொடுங்கள். "ஆயா, அந்த மல்லியைக் கொஞ்சம் கட்டுங்களேன்" என்றால் போதும். விரல் பழகிய வேலையில் இறங்கும், தோள் தானாகத் தளரும். நாலு கண்ணி கட்டியதும் பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி அவர்களே ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்த நொடிக்குத் தயாராக இருங்கள். இளைஞர்கள் என்றால் உடலைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, எடையை ஒரு காலில் போடச் சொல்லுங்கள். தாடையைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக் கீழே இறக்கினால் கழுத்து மடிப்பு மறையும்.

தலையில் முளைக்கும் கம்பம்

க்ளிக் செய்யும் முன் தலைக்குப் பின்னால் பாருங்கள்.

மூட்டில் வெட்டுவது

முழங்காலிலும் மணிக்கட்டிலும் ஃப்ரேமை முடிக்காதீர்கள்.

கை நீளத்தில் செல்ஃபி

மூக்கு பெரிதாகத் தெரிவது மூக்கின் குற்றமல்ல. கேமரா அவ்வளவு பக்கத்தில் இருந்தால் முன்னால் இருப்பது பெருத்து, காது பின்னால் போய்விடும். போனைக் கண் உயரத்தில் அலமாரியில் சாய்த்து, ஐந்தாறு அடி தள்ளி, ஜன்னல் ஒரு பக்கமாக வரும்படி நில்லுங்கள். பின்பக்கக் கேமராவில் 2 எக்ஸ் ஜூம், 10 விநாடி டைமர். நிற்கப்போகும் இடத்தில் முதலில் ஒரு ஸ்டூலை வைத்து, அதன்மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிடுங்கள், அப்புறம் ஸ்டூலை நகர்த்திவிட்டு அங்கே போய் நில்லுங்கள். பியூட்டி மோடு திறந்திருந்தால் அதை முதலிலேயே அணைத்துவிட வேண்டும். சில போன்களில் அப்டேட்டுக்குப் பிறகு அது தானாகத் திரும்ப வந்துவிடுகிறது, அதனால் ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள்.