ஸ்பானிஷ் பேசுபவருக்கு 'டாலரேட்' சுலபம், 'புட் அப் வித்' தான் கஷ்டம்

ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள் என்றால், நமக்கு ஆங்கிலம் எந்த வரிசையில் வந்ததோ அதை முதலில் மறந்துவிடுங்கள். நான் கொலம்பியாவில் இருப்பவர்களுக்கு ஆன்லைனில் வகுப்பு எடுக்கிறேன். இங்கே இரவு 8 மணி என்றால் போகோட்டாவில் காலை 9.30, அவர்கள் காபியோடு உட்காருவார்கள், நான் சாப்பிட்டுவிட்டு உட்காருவேன். உயர்நிலை வினைச்சொல் என்றால் நீளமான சொல் என்று நினைத்து ஆரம்பத்தில் 'டாலரேட்', 'போஸ்ட்போன்', 'இன்வெஸ்டிகேட்', 'எக்ஸ்டிங்குவிஷ்' என்று பட்டியல் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நாம் பள்ளியில் மனப்பாடம் செய்த சொற்கள் அவை. அவர்களுக்கோ தொலெரார், போஸ்போனேர், இன்வெஸ்திகார், எக்ஸ்திங்கிர் என்று ஏற்கெனவே சொந்த மொழியில் இருப்பவை.

காரணம் பழையது. ஸ்பானிஷ் லத்தீனின் பிள்ளை. ஆங்கிலம் ஜெர்மானியக் குடும்பம், ஆனால் 1066இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரசவையிலும் சட்டத்திலும் பிரெஞ்சு நெடுங்காலம் உட்கார்ந்துகொண்டது, லத்தீன் தேவாலயம் வழியாகவும் படிப்பு வழியாகவும் வந்துகொண்டே இருந்தது. தமிழில் 'தொடங்கு', 'ஆரம்பி' இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்வது போல, ஆங்கிலத்திலும் ஒரே செயலுக்கு இரண்டு அடுக்கு உண்டு: சகித்துக்கொள்வதற்கு லத்தீன் வழி வந்த 'டாலரேட்' மேலடுக்கு, சின்னச் சொற்களைச் சேர்த்துச் சொல்லும் 'புட் அப் வித்' கீழடுக்கு. மேலடுக்கு அவர்களுக்கு இலவசம். கீழடுக்கில்தான் உழைப்பு.

இலவசத்தை ஒரே வகுப்பில் முடித்துவிடுங்கள். செலெப்ரார், பார்த்திசிபார், கால்குலார் என்பவற்றின் கடைசி 'ஆர்' போய் 'ஏட்' வந்தால் செலிப்ரேட், பார்ட்டிசிபேட், கால்குலேட். 'இஃபிகார்' என்று முடிந்தால் 'இஃபை': ஹுஸ்திஃபிகார், ஜஸ்டிஃபை. எல்லாச் சொல்லுக்கும் பொருந்தாது, ஆனாலும் ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான சொற்கள் கைக்கு வரும்.

அடுத்து, முகம் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருக்கும் சொற்கள். 'நோ லோ ஸொபோர்த்தோ' என்றால் 'அவரை எனக்குச் சகிக்க முடியவில்லை' என்று பொருள். அதை அப்படியே 'ஐ டோன்ட் சப்போர்ட் ஹிம்' என்றால் கேட்பவர் வேறு ஏதோ புரிந்துகொள்வார். 'அசிஸ்திர்' பெரும்பாலும் ஒரு கூட்டத்துக்குப் போவது, உதவுவது இல்லை. 'ப்ரெதெந்தேர்' ஒன்றைச் செய்ய எண்ணுவது, நடிப்பது இல்லை. 'ரெயலிஸார்' ஒரு வேலையைச் செய்து முடிப்பது, அதற்கு ஆங்கிலத்தில் 'கேரி அவுட்'. 'ரியலைஸ்' என்பதற்கு ஸ்பானிஷில் 'தார்ஸே குவென்தா'. 'மொலெஸ்தார்' வெறும் தொந்தரவு செய்வதுதான், ஆனால் ஆங்கிலத்தில் 'மொலெஸ்ட்' பாலியல் துன்புறுத்தலைக் குறிக்கும். ஆகவே இதை மட்டும் தள்ளிப் போடாமல் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இவற்றை ஒற்றைச் சொல்லாக எழுதவிடாதீர்கள். ஸ்பானிஷ் சொல்லுக்கு உண்மையான ஆங்கிலச் சொல் எது, அந்த ஆங்கிலச் சொல்லுக்கு உண்மையான ஸ்பானிஷ் சொல் எது, இரண்டு பக்கமும் எழுதவேண்டும். ஒரு பக்கம் மட்டும் எழுதினால் அடுத்த வாரமே பழைய பொருள் திரும்பிவந்துவிடும்.

இனி உண்மையான மலை: 'புட் ஆஃப்', 'லுக் இன்டு', 'கிவ் அப்' போன்ற சின்னச் சின்னச் சொற்கள். ஏன் கஷ்டம் என்பது நமக்கு உடனே புரியும், ஏனென்றால் இந்த விஷயத்தில் தமிழும் ஸ்பானிஷின் பக்கம்தான். 'ஸலியோ கொர்ரியெந்தோ' என்பார்கள் அவர்கள், நாம் 'ஓடி வெளியேறினான்' என்போம். இரண்டிலும் போகும் திசை முக்கிய வினைக்குள் இருக்கிறது, ஓடுவது துணையாக நிற்கிறது. ஆங்கிலம் தலைகீழ்: 'ஹி ரேன் அவுட்' என்பதில் 'ரேன்' முக்கிய வினை, திசை 'அவுட்' என்ற குட்டிச் சொல்லில். லெனார்ட் டால்மி என்ற மொழியியலாளர் உலக மொழிகளை இப்படியே இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டினார். வினையிலேயே எல்லாம் அடங்கும் என்று பழகிய காது அந்தக் குட்டிச் சொல்லைத் தவறவிடுகிறது.

அதனால் 'கெட் அப், கெட் ஆஃப், கெட் ஓவர்' என்று வினையை வைத்துப் பட்டியல் போடுவதை விட்டுவிட்டு குட்டிச் சொல்லை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். 'அப்' பல இடங்களில் முழுதும் தீர்ந்துபோவது: ஈட் அப், யூஸ் அப். 'அவுட்' மறைந்திருந்தது வெளியே வருவது: ஃபைண்ட் அவுட், ஃபிகர் அவுட், டர்ன் அவுட். 'டவுன்' குறைவது: ஸ்லோ டவுன், காம் டவுன், கட் டவுன். விதிவிலக்கு ஏராளம் என்பது உண்மை, ஆனாலும் பிடித்து ஏற ஒரு கயிறு வேண்டுமே. அப்புறம் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அவர்களுக்குத் தெரிந்த ஸ்பானிஷ் சொல்லை எழுதவேண்டும், 'புட் அப் வித்' பக்கத்தில் தொலெரார், 'புட் ஆஃப்' பக்கத்தில் போஸ்போனேர். வாரத்துக்கு ஐந்து போதும், ஒவ்வொன்றுக்கும் அவரவர் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம், மாமியார், பேருந்து, சம்பளம், எதுவானாலும் சரி. 'டர்ன் இட் டவுன்' என்று நடுவில் 'இட்' வரும், 'லுக் இன்டு இட்' என்பதில் கடைசியில் வரும். இதற்கு விதி தேடி நேரத்தைச் செலவழிக்காமல், கற்கும்போதே 'இட்' சேர்த்துக் கற்பது நல்லது.

வினையோடு ஒட்டிவரும் முன்னிடைச் சொல்லும் (ப்ரெபொசிஷன்) அப்படித்தான். 'தெபெந்தேர் தே' என்பதால் 'டிபெண்ட் ஆஃப்' என்பார்கள், 'ஸொன்யார் கோன்' என்பதால் 'ட்ரீம் வித்' என்பார்கள். 'டிபெண்ட் ஆன்', 'ட்ரீம் அபவுட்' என்று ஒரே சொல்லாக வாயில் ஏற்றவேண்டும்.

வாக்கிய அமைப்பில் ஒன்றை விடாமல் திருத்துங்கள். 'கியெரோ கே வெங்காஸ்' என்பது ஆங்கிலத்துக்கு வரும்போது 'ஐ வான்ட் தட் யூ கம்' ஆகிவிடுகிறது. நன்றாகப் பேசுபவர்களிடமும் இது தங்கிவிடும். 'ஐ வான்ட் யூ டு கம்' என்பதைப் பத்து வேறு ஆட்களை வைத்துச் சொல்லவைத்தால் படியும். 'பிஃபோர் டு ஈட்' என்பதும் இதே வகை, அங்கே 'ஈட்டிங்'.

உச்சரிப்பில் இரண்டே விஷயம். 'ஸ்டாப்' என்பதை 'எஸ்டாப்' என்பார்கள், நம்மூரில் 'இஸ்கூல்' என்பது போலத்தான். இறந்தகாலத்தில் 'ஸ்டாப்பெட்' என்று ஓர் அசை கூட்டுவார்கள், 'ஸ்டாப்ட்' என்று முடிக்கப் பழக்குங்கள்.

மாதம் ஒருமுறை நான் கொடுக்கும் பயிற்சி இது. சமையலறையில் தீப்பிடித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதைக் காப்பீட்டுக்காரருக்கு எழுத்தில் ஒரு தடவை, அக்காவுக்குப் போனில் ஒரு தடவை சொல்லவேண்டும். எழுதும்போது 'எக்ஸ்டிங்குவிஷ்', 'டிஸ்கவர்', 'எஸ்கேப்' எல்லாம் தடையில்லாமல் வரும். போனில் 'புட் அவுட்', 'ஃபைண்ட் அவுட்', 'கெட் அவே' வரவேண்டும். எந்த இடத்தில் வாய் நின்று யோசிக்கிறதோ அந்த வினைதான் அடுத்த வாரப் பட்டியலின் முதல் வரி.