சின்ன தொட்டிக்கு கலர் மீன் வாங்கப் போறீங்களா, முதல்ல தண்ணிய பாருங்க

ஒரு அடி தொட்டிய வாங்கி வச்சிட்டு "இதுல என்ன மீன் விடலாம், நல்லா கலரா இருக்கணும்"னு கேக்குறவங்கதான் ஜாஸ்தி. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். சென்னை கொளத்தூர் கலர் மீன் சந்தைல ஒரு ஞாயித்துக்கிழமை கடை கடையா ஏறி இறங்கி நியான் டெட்ரா பத்து, கப்பி ரெண்டு ஜோடி, ஒரு ஃபைட்டர், அப்புறம் "பாசிய எல்லாம் இது தின்னுடும் சார்"னு கடைக்காரர் தலைல கட்டுன சக்கர் மீன் ஒண்ணு, எல்லாத்தையும் ஒரே தொட்டில கொட்டிட்டேன். பத்து நாள்ல நியான் பத்தும் காலி. ஃபைட்டர் கப்பி வால எல்லாம் பிச்சு எடுத்துருச்சு. கடைசில தப்பிச்சது சக்கர் மட்டும்தான், அத ஒரு நண்பர் வாங்கிட்டு போனாரு, இப்ப அவர் வீட்டு பெரிய தொட்டில ஒரு அடிக்கு மேல வளந்து கெடக்கு.

அதுல இருந்து நான் மீன் கலர கடைசியாதான் பாக்குறது. தொட்டி எத்தன லிட்டர், வீட்டுத் தண்ணி எப்படி, மே மாசத்துல தொட்டி எவ்ளோ சூடாகும், இந்த மூணும் தெரிஞ்சா எந்த மீன்னு பாதி தானா முடிவாயிடும்.

லிட்டர் கணக்கு சுலபம். நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி 1000ஆல வகுங்க. 30க்கு 30க்கு 30 தொட்டின்னா 27 லிட்டர், ஆனா மண்ணு, கல்லு, மேல விடுற இடைவெளி எல்லாம் போக 22 லிட்டர் தண்ணி நின்னா பெரிய விஷயம். கடைல சொல்ற கணக்க நம்பாதீங்க, இந்த 22தான் உங்க கணக்கு.

அடுத்து தண்ணி. ஒரு டீடிஎஸ் மீட்டர் வாங்கிக்கோங்க, தண்ணில எவ்ளோ உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டும், பேனா மாதிரி இருக்கும், விலையும் கம்மிதான். எங்க வீட்டு போர் தண்ணி 900 காட்டும், பக்கெட்ல வெள்ள வெள்ளையா உப்பு படியும். இந்த மாதிரி தண்ணில கப்பி, எண்ட்லர் ரெண்டும் ராஜா மாதிரி இருக்கும், ஏன்னா ரெண்டுமே கடினத் தண்ணிக்கு, அதாவது கால்சியம், மெக்னீசியம் உப்பு ஜாஸ்தி இருக்குற தண்ணிக்கு ஏத்த மீன். எண்ட்லர்னா கப்பியோட சொந்தக்காரன், வெனிசுலா மீன், ஆண் ஒரு அங்குலம் கூட வராது, ஆனா பச்சை, ஆரஞ்சு, கருப்புன்னு ஒடம்பு முழுக்க பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்கும். சின்ன தொட்டிக்கு என் முதல் சாய்ஸ் இதுதான். ஒரே ஒரு விஷயம், ஆண் மட்டும் வாங்குங்க. கடைல ஜோடியாதான் குடுப்பேன்னு அடம் பிடிப்பாங்க, வேணாம்னு சொல்லுங்க. பொட்டை ஒண்ணு உள்ள வந்தா மாசத்துக்கு ஒரு ஈடு குட்டி போடும், ஆண் பக்கத்துல இல்லாட்டியும் போடும், ஏன்னா விந்த மாசக்கணக்குல உள்ளயே சேத்து வச்சிருக்கும். 22 லிட்டர் தண்ணிக்கு ஆறு ஆண் போதும்.

நியான் ஏன் செத்துச்சுன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. அது அமேசான் பக்கத்து மீன், மிருதுவான தண்ணி, அதாவது அந்த உப்பு கம்மியா இருக்குற தண்ணி, 21ல இருந்து 26 டிகிரி வரைக்கும் அதுக்கு சுகம். எங்க வீட்ல ஏப்ரல்ல தொட்டி 31 காட்டுது. அதோட தொட்டியும் புதுசு, மீன் கழிவ உடைக்கிற பாக்டீரியாவே உருவாகல. அந்த நீலம் சிவப்பு கோடு கண்டிப்பா வேணும்னா கார்டினல் டெட்ரா பாருங்க, அதுல சிவப்பு வால்ல இருந்து தலை வரைக்கும் ஓடும், நியான்ல பாதி ஒடம்புதான். சூட்டையும் நியான விட நல்லா தாங்கும். ஆனா அதுக்கும் மிருதுவான தண்ணி வேணும், 22 லிட்டர்ல நெருக்கடியாவும் இருக்கும், ரெண்டு அடி தொட்டி இருந்தா யோசிங்க. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருக்குறவங்க இதெல்லாம் கண்டுக்க வேணாம், உங்களுக்கு நியானே ஓடும், ஹீட்டர் மட்டும் போடணும்.

ஆர்ஓ மெஷின் இருக்குறவங்களுக்கு கொஞ்சம் கதவு தொறக்குது. ஒரு பங்கு போர் தண்ணி, மூணு பங்கு ஆர்ஓ தண்ணி கலந்தா என் 900 கிட்டத்தட்ட 250க்கு வந்துடும். தனி ஆர்ஓ தண்ணி மட்டும் ஊத்தாதீங்க, அதுல மீனுக்குத் தேவையான உப்பு பெருசா இருக்காது. இந்த கலவைல எம்பர் டெட்ரா விட்டுப் பாருங்க, ரெண்டு சென்டிமீட்டர்தான், அடுப்புத் தணல் மாதிரி ஆரஞ்சு, சாது, கூட்டமா திரியும். எட்டு வாங்குங்க, மூணு நாலு வாங்கினா பயந்து செடிக்குப் பின்னாடியே நிக்கும், கலரும் வெளுத்துடும். சில்லி ரஸ்போரா இன்னும் சின்னது, போர்னியோ தீவுல இலை ஊறி கருத்த தண்ணி நிக்கிற சதுப்புல வர்றது, மிளகா சிவப்பு, அதுக்கு தண்ணி இன்னும் மிருதுவா இருக்கணும், அதனால ஆர்ஓ பங்க இன்னும் ஏத்தணும். வாய் ரொம்ப சின்னது, தீனிய விரல்ல நசுக்கி தூளாக்கிப் போடணும், இல்லன்னா பாத்துக்கிட்டே பட்டினி கெடக்கும்.

சூட்டுக்கு பயப்படாத மீன்னா தேன் கௌராமி. கங்கை, பிரம்மபுத்ரா பக்கத்து மீன், மேல வந்து காத்த நேரா குடிக்கும், அதனால சூடு ஏறி தண்ணில ஆக்சிஜன் கம்மியானாலும் சமாளிக்கும். மஞ்சள் கலரு, ரொம்ப அமைதி. 45 லிட்டர் இருந்தா ஒரு ஜோடி விட்டு கூட எம்பர் எட்டு விடலாம். பக்கத்துலயே நீலக் கோடு போட்ட ட்வார்ஃப் கௌராமி வச்சிருப்பாங்க, பாக்க அதவிட பளிச்சுன்னு இருக்கும், ஆனா பண்ணைல வர்றதுல ஒரு வைரஸ் பிரச்சனை இருக்கு, மருந்து கிடையாது, நான் தொடறதில்ல.

ஃபைட்டர்னா தனியா. 20 லிட்டர்ல ஒண்ணே ஒண்ணு, கூட நத்தை ரெண்டு, அவ்ளோதான். அந்த பாட்டில், கண்ணாடி கிண்ணம் எல்லாம் அதுக்கு ஜெயிலு.

சின்ன மீன்னா சின்ன தொட்டிக்கு சரியா வரும்னு நெனைக்காதீங்க, இங்கதான் நெறைய பேர் ஏமாறுறாங்க. ஜீப்ரா டேனியோ அஞ்சு சென்டிமீட்டர்தான், ஆனா நாள் முழுக்க ஓட்டப்பந்தயம் ஓடும், ஒரு அடி தொட்டில சுவத்துல முட்டிக்கிட்டே இருக்கும். டைகர் பார்ப் மத்ததோட வால கடிக்கும். மிஸ் கேரளா கடைல ரெண்டு அங்குலத்துல அழகா சிவப்புக் கோட்டோட நிக்கும், வளந்தா நாலு அங்குலத்த தாண்டும், மேற்குத் தொடர்ச்சி மலை ஆத்துல கூட்டமா ஓடுற மீனு அது. கேரளாவோட பட்டாணி பஃபர் நிஜமாவே ஒரு அங்குலம்தான், கண்ண உருட்டி உங்களையே பாக்கும், ஆனா மத்த மீனோட துடுப்ப கொறிக்கும், நத்தையும் புழுவும்தான் சாப்பாடு, காட்டுலயும் அழிவு அபாயத்துல இருக்கு. பண்ணைல பொறந்ததான்னு கேட்டு, தனித் தொட்டி இருந்தா மட்டும் வாங்குங்க.

ஊசி போட்டு கலர் ஏத்துன கண்ணாடி மீன் சில இடத்துல இன்னும் விக்குறாங்க, ஒடம்புக்குள்ள பிங்க், பச்சைன்னு கோடு தெரியும். அத வாங்காதீங்க, கலர் கொஞ்ச மாசத்துல போயிடும், அதுக்கு முன்னாடியே மீனும் போயிடலாம்.

கடைல என்ன பாக்கணும்னா, மீன பாக்குறதுக்கு முன்னாடி அந்த தொட்டில செத்த மீன் கெடக்கான்னு பாருங்க, கெடந்தா அந்த தொட்டிலயும் அதே ஃபில்டர்ல ஓடுற பக்கத்து தொட்டிலயும் எதுவும் எடுக்காதீங்க. துடுப்ப ஒடம்போட ஒட்டி வச்சிருக்கா, வயிறு உள்ள போயிருக்கா, ரவை ஒட்டுன மாதிரி வெள்ளைப் புள்ளி இருக்கா பாருங்க. கொஞ்சம் தீனி போடச் சொல்லுங்க, ஓடி வந்து தின்னா எடுங்க. இன்னிக்கு லோடு வந்துச்சுன்னு சொன்னா நான் ஒரு வாரம் கழிச்சுதான் போவேன், சாகுறது அங்கயே செத்துடும். வெளுத்து இருக்கேன்னு மட்டும் ஒதுக்காதீங்க, வெறும் கண்ணாடித் தொட்டில எம்பர் டெட்ரா கஞ்சி கலர்லதான் நிக்கும். வீட்ல கருப்பு மண்ணு, ஜாவா மாஸ்ங்கிற பாசிச் செடி, தெருவுல விழுற நாட்டு வாதாம் காஞ்ச இலை ஒண்ணு கழுவிப் போட்டு டீ கலர் வந்துச்சுன்னா ரெண்டு வாரத்துல நெருப்பு மாதிரி ஆயிடும். வெள்ளைக் கல்லு, நீலக் கல்லு போட்டீங்கன்னா எவ்ளோ காசு குடுத்து வாங்குனாலும் கலர் ஏறாது.

இன்னொண்ணு, தொட்டி செட் பண்ண அன்னிக்கே மீன் விடாதீங்க. மீன் கழிவுல வர்ற அம்மோனியாவ உடைக்கிற பாக்டீரியா உருவாக நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும். தெரிஞ்சவங்க வீட்ல நோயில்லாத பழைய தொட்டி இருந்தா அவங்க ஸ்பான்ஜ் ஃபில்டர் அழுக்க உங்க தொட்டில பிழிஞ்சு விடுங்க, சீக்கிரம் ஆகும், பாக்க கேவலமாதான் இருக்கும் ஆனா அதுதான் மருந்து. மெட்ரோ தண்ணின்னா, அதாவது சென்னை குழாய்த் தண்ணின்னா, அதுல இருக்குற குளோரின முறிக்க ஆன்டி குளோரின் சொட்டு போட்டே ஆகணும்.

மீன் கவர அப்படியே கால் மணி நேரம் தொட்டில மெதக்க விட்டுட்டு, அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா ஒரு டம்ளர் தொட்டித் தண்ணிய உள்ள ஊத்துங்க, முக்கால் மணி நேரம் பொறுமையா. அப்புறம் வலைல புடிச்சு மீன மட்டும் விடுங்க, கவர் தண்ணி செடித் தொட்டிக்கு. வெயில் காலத்துல தண்ணி ஆவியாகி கொறையும்போது போர் தண்ணிய ஊத்தி நெரப்பாதீங்க, உப்பு உள்ளயே நிக்கும், நீங்க மேல மேல சேத்துக்கிட்டே இருப்பீங்க. அந்த கொறையுற அளவுக்கு மட்டும் ஆர்ஓ ஊத்துங்க, வாரம் ஒருக்கா கால்வாசி தண்ணி மாத்தும்போது பழைய கலவை. 32 தாண்டுச்சுன்னா தண்ணி மேல படுற மாதிரி ஒரு சின்ன ஃபேன் வைங்க, ரெண்டு மூணு டிகிரி எறங்கிடும்.