மலை ஏரிக்கரையில கேம்ப் போடப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

மலை மேல இருக்கிற ஏரியில அலை கிடையாது, இழுப்பு கிடையாது, கூட்டமும் இருக்காது, அதப் பாத்ததும் "இங்க என்ன ஆகிடப் போகுது"ன்னு ஒரு தைரியம் வந்துடும். அந்த நினைப்புதான் முதல் தப்பு, மத்த தப்பெல்லாம் பெரும்பாலும் அதுலேர்ந்துதான் கிளம்புது.

முதல்ல தண்ணிய பத்தி சொல்லிடறேன், ஏன்னா உயிர் போற விஷயம் இதுதான். வெயில் நல்லா அடிக்குது, உடம்பெல்லாம் வேர்த்திருக்கு, ஏறி வந்த களைப்பு வேற, அப்படியே சட்டைய கழட்டிட்டு பாறை மேலேர்ந்து குதிச்சிடறாங்க. வெயில் சூடு பண்றது காத்தையும் மேல இருக்கிற தண்ணியையும்தான், அதுக்குக் கீழ பனி உருகி வந்த தண்ணி கோடையிலயும் ஜில்லுன்னுதான் கிடக்கும். 15 டிகிரிக்கும் கீழ இருக்கிற தண்ணியில திடீர்னு விழுந்தா உடம்பு தன்னால ஒரு பெரிய மூச்சு இழுக்கும், அத நம்மால அடக்க முடியாது, அந்த நேரம் தல தண்ணிக்குள்ள இருந்தா நேரா நுரையீரலுக்குத்தான் தண்ணி போகும். இதுல நல்லா நீச்சல் தெரிஞ்சவங்க, தெரியாதவங்கன்னு வித்தியாசமே இல்ல. முதல் ஒரு நிமிஷம் மூச்சு கட்டுக்குள்ள இருக்காது, அடுத்து ஒரு பத்து நிமிஷத்துல கை கால் சொன்ன பேச்சு கேக்காம போயிடும், உடம்பு சூடு ஆபத்தான அளவுக்கு இறங்கறதுக்கு அதுக்கு அப்புறமும் நேரம் இருக்கு, ஆனா நிறைய பேர் அதுவரைக்கும் தாங்கறதே இல்ல. அதனால குதிக்காதீங்க, கரையோரமா மெதுவா இறங்குங்க, படகுலயோ மிதவையிலயோ போனா லைஃப் ஜாக்கெட்ட மாட்டிட்டுத்தான் போங்க, பக்கத்துல வச்சிருந்தா பிரயோஜனம் இல்ல. தவறி விழுந்துட்டா உடனே நீந்த ஆரம்பிக்காம மல்லாக்க மிதந்து மூச்சு சீராகற வரைக்கும் பொறுங்க. காத்தடைச்ச மெத்தை, டியூப் இதெல்லாம் மலை ஏரிக்கு வேண்டவே வேண்டாம், மதியத்துக்கு மேல மலைக்காத்து கிளம்பினா நடு ஏரிக்குத் தள்ளிட்டுப் போயிடும்.

அடுத்தது டென்ட் போடற இடம். போட்டோவுல அழகா இருக்குன்னு எல்லாரும் தண்ணிய ஒட்டியே போடறாங்க, ராத்திரி குளிர்ல நடுங்கிட்டு டென்ட் சரியில்ல, ஸ்லீப்பிங் பேக் சரியில்லன்னு திட்டறாங்க. குளிர்ந்த காத்து கனமானது, ராத்திரி ஆனா சரிவுல கீழ இறங்கி பள்ளத்துல வந்து தேங்கும், ஏரி இருக்கிறதே பள்ளத்துலதான். ஈரப்பதமும் அங்கதான் அதிகம், காலையில பாத்தா டென்ட் உள்பக்கம் சொட்டுச்சொட்டா தண்ணி நிக்கும். கரையிலேர்ந்து குறைஞ்சது 60 மீட்டர் தள்ளி, அதாவது ஒரு 70, 80 எட்டு நடந்து, கொஞ்சம் மேடான இடமா பாருங்க, கதகதப்பாவும் இருக்கும், தண்ணி குடிக்க வர்ற மிருகங்க வழியையும் மறிக்க மாட்டீங்க. தலைக்கு மேல காஞ்ச கிளை தொங்குதான்னு ஒரு தடவ நிமிர்ந்து பாத்துடுங்க. ஏற்கனவே டென்ட் போட்டு தேஞ்ச இடம் இருந்தா அதுலயே போடுங்க, கரையோரச் செடி ஒரு தடவ மிதிபட்டா உயரமான மலையில திரும்ப முளைக்க வருஷக்கணக்கா ஆகும், எனக்கு உண்மையிலயே மனசு வலிக்கிற விஷயம் இது.

குளிருக்கு கணக்கு வேணும்னா, 1000 மீட்டர் ஏறினா சராசரியா 6.5 டிகிரி குறையும். கீழ 25 டிகிரின்னா 2000 மீட்டர் ஏறின இடத்துல சுமார் 12 தான், அதுவும் பகல்ல. கீழ இருக்கிற ஊர் வெதர பாத்துட்டு துணி எடுத்து வைக்காதீங்க. நிறைய பேர் கனமான ஸ்லீப்பிங் பேக் வாங்கிட்டு அடியில போடற விரிப்ப மட்டமா எடுத்துடறாங்க, நம்ம எடையில பேக்கோட அடிப்பக்கம் நசுங்கிடும், அப்புறம் தரைதான் சூட்ட உறிஞ்சும், விரிப்புலயும் கவனம் வைங்க. பியூட்டேன் மட்டும் இருக்கிற அடுப்பு கேஸ் டப்பா 0 டிகிரி பக்கத்துல எரியவே எரியாது, புரோபேன் கலந்தது வாங்குங்க. குளிருதுன்னு அந்த அடுப்பையோ கரியையோ டென்ட்டுக்குள்ள மட்டும் கொண்டு போயிடாதீங்க, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்துலயே ஆள் போயிடுவாங்க.

தெளிவா இருக்கு, அடி வரைக்கும் தெரியுதுன்னு அப்படியே தண்ணிய மொண்டு குடிக்காதீங்க. ஜியார்டியா மாதிரி வயித்தக் கெடுக்கிற கிருமி கண்ணுக்குத் தெரியாது, மேல எங்கயோ மேயற மிருகத்தோட சாணத்துலேர்ந்து வந்திருக்கும். தளதளன்னு கொதி வந்ததும் ஒரு நிமிஷம் விடுங்க, 2000 மீட்டருக்கு மேல இருந்தா 3 நிமிஷம், ஏன்னா உயரத்துல தண்ணி 100 டிகிரிக்கு முன்னாடியே கொதிச்சிடும்.

இயற்கை சோப்புன்னு லேபிள்ல போட்டிருந்தா ஏரியிலயே பாத்திரம் கழுவலாம்னு நினைக்கிறாங்க, அது தப்பு. அந்த சோப்பு மக்கறதுக்கு மண்ணு வேணும், தண்ணியில கலந்தா மீனுக்கும் பூச்சிக்கும் கெடுதல்தான். பக்கெட்ல மொண்டுட்டு 60 மீட்டர் தள்ளிப் போய் கழுவி மண்ணுல ஊத்துங்க. உடம்புல பூசின சன்ஸ்கிரீன், கொசு மருந்து இதுக்கும் அதேதான், துடைச்சிட்டு இறங்குங்க. கக்கூஸ் போறதுன்னா அதே தூரத்துல 15லேர்ந்து 20 சென்டிமீட்டர் ஆழம் தோண்டி மூடுங்க, டிஷ்யூவ கவர்ல போட்டு திரும்ப எடுத்துட்டு வாங்க.

ஸ்பீக்கர் தயவுசெஞ்சு வேண்டாம். ராத்திரி தண்ணிய ஒட்டின காத்து குளிர்ந்தும் மேல இருக்கிற காத்து கொஞ்சம் சூடாவும் இருக்கிறதால சத்தம் மேல போகாம கீழ வளைஞ்சு எதிர்க்கரை வரைக்கும் போகும். நீங்க மெதுவா பேசறதே அங்க கேக்கும், அந்த அமைதிக்காகத்தான் எல்லாரும் அவ்ளோ தூரம் ஏறி வந்திருக்காங்க.

கேம்ப்ஃபயர் அனுமதி இருக்கிற இடத்துல மட்டும். அணைக்கும்போது மண்ண மட்டும் தள்ளி மூடிட்டா உள்ள கங்கு கனன்றுட்டே இருக்கும், தண்ணி ஊத்தி, கிளறி, திரும்ப ஊத்தி, கையால தொட்டா சூடே இல்லாத வரைக்கும் அத விட்டு நகராதீங்க.

மின்னல் பத்தியும் சொல்லணும், கோடையில மலையில மதியத்துக்கு மேலதான் இடி கட்டும். இடிச்சத்தம் காதுல விழுந்தாலே மின்னல் எட்டற தூரத்துல இருக்கீங்கன்னு அர்த்தம், தண்ணியில இருந்தா உடனே கரையேறுங்க, தனி மரத்தடியில ஒதுங்காதீங்க, கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் ஆகற வரைக்கும் திரும்ப இறங்க வேண்டாம். மேல சிக்னல் கிடைக்காதுன்னு வச்சுக்கிட்டே பிளான் பண்ணுங்க, எந்தப் பாதையில போறீங்க, எத்தன மணிக்குத் திரும்புவீங்க, எவ்ளோ நேரம் தாண்டினா ஆள் அனுப்பணும்னு கீழ இருக்கிற ஒருத்தர்கிட்ட எழுதியே குடுத்துட்டு போங்க, செல்போன ராத்திரியில ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள வச்சுக்கோங்க, குளிர்ல பேட்டரி சீக்கிரம் படுத்துடும்.